அசையாத எண்

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அதனால் அப்படியே வைத்துக்கொள். உனக்கு முதுகுவலி விட்டதா? உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி, எப்படி இருக்கிறாள்? போனில் பேசினால் எனக்குப் பேச்சுக்கு முன்னால் அழுகை வந்துவிடுகிறது. கடிதத்தில் அழுதால் உனக்குக் கேட்காது, அதனால் எழுதுகிறேன்.

விஷயம் படகைப் பற்றி. உன் அண்ணன் போனபிறகு அது துறையில் கட்டிப்போட்டபடியே கிடக்கிறது. எனக்குப் பாய் தைக்கத் தெரியும், பாய் ஏற்றி ஓட்டத் தெரியாது. ஒரு கணவன் மனைவி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டு பேருமே பள்ளிக்கூட ஆசிரியர்கள். அந்த அம்மா பாயின் ஓரத்தைத் தடவிப் பார்த்து, "இது யார் தைச்சது?" என்று கேட்டாள். நான்தான் என்றேன். இவர்களுக்கே கொடுத்துவிடலாம் என்று அங்கேயே மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன். இந்த வருஷம் முடிவதற்குள் கேட்கிறார்கள்.

ஆனால் படகுக்குள் ஏணிக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கிற பேட்டரி மீட்டர் எனக்குப் பிடிபடவில்லை. வெயில் அடித்தால் நூத்து முப்பத்தெட்டு காட்டுகிறது. சரி, நிறைந்திருக்கிறது என்று விளக்கைப் போட்டால் மின்மினி மாதிரி எரிகிறது. எண் மட்டும் அசையமாட்டேன் என்கிறது. முன்பெல்லாம் விளக்கைப் போட்டால் ஒன்றிரண்டு இறங்குமே. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று சரியாகத் தெரியாமல் இன்னொரு வீட்டு ஆட்களைக் கடலுக்கு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

காலையில் உன் அண்ணன் மேல்தட்டில் நின்றுகொண்டு "எவ்வளவு?" என்று கத்துவாரே, நினைவிருக்கிறதா? நான் கீழேயிருந்து "நூத்து இருபத்தேழு" என்பேன். மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கு நடுவில் இருக்கிற புள்ளி எதற்கு? எனக்கு அது கண்ணாடிமேல் உட்கார்ந்த ஈ. அவர் ஒருநாளும் திருத்தவில்லை. கொஞ்ச நாளில் அவரே, "நூத்து இருபத்திரண்டுக்குக் கீழ இருந்தா இன்னிக்குக் கடல் கிடையாது, வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்" என்று என் பாஷையில் பேச ஆரம்பித்துவிட்டார்.

வயர் வேலை உன் வேலை. எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

அண்ணி


ஜூன் 19

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். முதுகு பரவாயில்லை. அவளும் நலம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்கச் சொன்னாள்.

நூத்து இருபத்தேழு என்று வெளியாள் யாரிடமும் சொல்லிவைக்காதீர்கள், அது பன்னிரண்டு புள்ளி ஏழு. அவ்வளவு வோல்ட் இருந்தால் சுற்றியிருக்கிற மீனெல்லாம் மிதக்கும். நான் உங்கள் கணக்கிலேயே எழுதுகிறேன்.

சுவர் மீட்டரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அண்ணனுடைய கருவிப் பெட்டியில் மஞ்சள் நிறத்தில் ஒரு கை மீட்டர் இருக்கும். அதில் சிவப்பு வயர் ஒன்று, கறுப்பு ஒன்று, இரண்டுக்கும் ஊசி முனை. படுக்கைப் பலகையைத் தூக்கினால் பேட்டரி. ஊசியைப் பேட்டரியின் ஈயக் குமிழிலேயே வையுங்கள், அதில் மாட்டியிருக்கிற வயர்மேல் வைக்காதீர்கள். வயர் பொய் சொல்லலாம், ஈயம் சொல்லாது.

அதற்கு முன்னால், மேலே இருக்கிற சோலார் தகட்டைக் கனமான துணியால் மூடிவிடுங்கள். எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டு ஆறு மணி நேரம் தொடாமல் விடுங்கள். ஓடிவந்தவனுக்கு உடனே நாடி பிடித்தால் என்ன தெரியும்? உட்கார வைத்து, மூச்சு அடங்கினபிறகுதான் பார்க்க வேண்டும். பேட்டரியும் அப்படித்தான். வெயில் ஊற்றிக்கொண்டிருக்கும்போது பார்த்தால் கூடுதலாகக் காட்டும், விளக்கு குடித்துக்கொண்டிருக்கும்போது பார்த்தால் குறைவாகக் காட்டும். ஓய்ந்தபிறகு நூத்து இருபத்தேழு இருந்தால் நிறைந்திருக்கிறது. நூத்து இருபத்திரண்டு என்றால் பாதி. நூத்துப் பதினெட்டுக்குக் கீழே என்றால் காலி.

பார்த்து எழுதுங்கள்.

தம்பி


ஜூலை 1

அன்புள்ள தம்பிக்கு,

தங்கச்சியிடம் சொல், வேளைக்குச் சாப்பிடுகிறேன். இரண்டு தட்டு எடுத்துவைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப அடுக்குகிறேன், அவ்வளவுதான்.

நீ சொன்னபடியே செய்தேன். தையல் பட்டறையில் லீவு கேட்டுக்கொண்டு காலையிலேயே போய், பழைய பாய்த்துணியை நாலாக மடித்துத் தகட்டின்மேல் போட்டுக் கட்டினேன். ஆறு மணி நேரம் என்ன செய்வது? கிழிந்த பை ஒன்றை எடுத்துத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேலை இல்லாமல் படகில் உட்கார்ந்ததே இல்லை, தம்பி. உன் அண்ணன் உட்காரவிட்டதில்லை. "அதப் புடி, இத அவுரு, தலையக் குனி." இருபத்திரண்டு வருஷம் குனிந்தே பழகி, இப்போது வீட்டு நிலைப்படியில்கூடக் குனிந்துதான் நுழைகிறேன்.

நாம் மூன்று பேரும் இரண்டாம் மாடியில் ஒற்றை அறையில் இருந்தோமே, அந்த நாளெல்லாம் வந்தது. நீ தொழிற்பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தாய். பாய்மரத்தை வைக்க வேறு இடமில்லை என்று அவர் அதை அறைக்கே தூக்கிவந்துவிட்டார். ஒரு முனை ஜன்னலுக்கு வெளியே, மறுமுனை நடைபாதையில். வீட்டுக்காரர் தலையை இடித்துக்கொண்டு, "இது வீடா, துறைமுகமா?" என்று கத்தினார். உன் அண்ணன் அமைதியாக, "இன்னும் தண்ணி வரலை, அதனால வீடுதான்" என்றார். நீ சிரித்துச் சிரித்து உருண்டாய். ஏழு மாதம் அந்த மரத்தில்தான் உன் சட்டையெல்லாம் காயப்போட்டேன்.

சரி, எண். துணியைக் கட்டின உடனேயே சுவர் மீட்டர் செத்துவிட்டது. ஒரு எண்ணும் இல்லை. ஆறு மணி நேரம் கழித்து ஈயக் குமிழில் ஊசியை வைத்தால் நூத்துப் பதினாலு. இரண்டு தடவை வைத்துப் பார்த்தேன், அதேதான். துணியை எடுத்தேன், சுவர் மீட்டர் உயிர் வந்து மறுபடி நூத்து முப்பத்தெட்டு என்கிறது.

பேட்டரியில் நூத்துப் பதினாலு இருக்கும்போது சுவரில் ஏன் ஒன்றுமே இல்லை? அந்த மீட்டர் யாரைப் பார்த்துச் சொல்கிறது, தம்பி?

சீக்கிரம் எழுது.

அண்ணி


ஆகஸ்ட் 23

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை அதிகம். எல்லாரும் நலம்.

அது பழைய பேட்டரி, அண்ணி. வயசானால் அப்படித்தான். புதிதாக ஒன்று வாங்கி வைக்கச் சொல்லிவிடுங்கள். சுவர் மீட்டரையும் கழற்றிப் போட்டுவிடலாம். இதில் யார் தப்பும் இல்லை. நீங்கள் இதையே நினைத்துக்கொண்டிருக்காமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி


செப்டம்பர் 2

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. ஏழு வாரம் கழித்து ஏழு வரி. நீ நலம் என்று எழுதியிருக்கிறாய், நம்புகிறேன்.

யார் தப்பு என்று நான் கேட்கவே இல்லையே. நீயாக ஏன் அதை எழுதினாய்? உனக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அதனால் இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காலையில் நான்தான் எண்ணைப் படித்தேன். "எவ்வளவு?" என்றார். "நூத்து முப்பத்தி மூணு" என்றேன். "அடேங்கப்பா, ராஜா மாதிரி போகலாம். பொழுது சாயறதுக்குள்ள வந்துருவேன், நீ பட்டறைக்குப் போ" என்றார். கயிற்றை அவிழ்த்துப் போட்டவளும் நான்தான். நடுக்கடலில் காற்று விழுந்துவிட்டது. நெஞ்சுவலி வந்திருக்கிறது. மறுநாள் மீன்பிடிக்காரர்கள் இழுத்துவந்தபோது சொன்னார்களே, அவர் மடியில் வயர்லெஸ்ஸின் பேசுகிற பாகம் கிடந்தது, வயர்லெஸ் செத்துக்கிடந்தது என்று. அதுவரை எல்லாருக்கும் தெரியும்.

நான் மறைத்தது இது. படகைத் துறையில் கட்டினதும் எல்லாரும் அவரைச் சுற்றி நின்றார்கள். நான் கீழே இறங்கினேன். முன்னறை விளக்கின் சுவிட்ச் போட்டபடி இருந்தது. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் நான் அங்கே உட்கார்ந்து பாய் ஓரம் தைத்தேன். அணைக்க மறந்து வீட்டுக்குப் போய்விட்டேன். விடிய விடிய எரிந்து பேட்டரியைக் குடித்து முடித்திருக்கிறது. காலையில் விளக்கு எரியவில்லை, அதனால் இரண்டு பேர் கண்ணிலும் படவில்லை.

எரியாத விளக்கை நான் அணைத்தேன், தம்பி. யாரும் பார்ப்பதற்குள் அணைத்துவிட்டு மேலே வந்து அழுதேன். இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அதனால்தான் கேட்கிறேன். அந்தச் சின்ன விளக்கு ஒரு ராத்திரியில் எவ்வளவு குடிக்கும்? ஒரு பேட்டரியைக் காலி பண்ணுமா? பண்ணும் என்றால் பண்ணும் என்று எழுது. நீ ஆறுதல் சொல்ல வேண்டாம், எண்ணைச் சொல். எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அண்ணி


அக்டோபர் 10

அன்புள்ள தம்பிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? தங்கச்சிக்கு ஒரு வரி எழுதலாமா என்று பார்த்தேன், பயந்துவிடுவாள் என்று விட்டுவிட்டேன்.

நீ சொல்லாததால் நானே பார்த்துவிட்டேன். துறைக்கு எதிரே இன்ஜின் பழுது பார்க்கிறவரிடம் பேட்டரியைக் கொண்டுபோனேன். ஏழு மாதமாகக் காலியாகக் கிடந்ததால் பாதி உயிர்தான் மிச்சம் என்றார். "பாதியாவது புடிக்குமா?" என்றேன். "புடிக்கும்மா, கெட்டியான சாமான்" என்றார். இரண்டு நாள் கரண்டில் போட்டு வைத்தார். திரும்பக் கொண்டுபோய்ப் படகில் மாட்டித் தந்தார். தகட்டை மூடிவிட்டு, நீ சொன்ன ஆறு மணி நேரம் காத்திருந்து பார்த்தேன். நூத்து இருபத்தாறு.

பொழுது சாயும்போது முன்னறை விளக்கைப் போட்டேன். வேண்டுமென்றே போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்தால், எரிந்துகொண்டே இருக்கிறது. கொஞ்சமும் மங்கவில்லை. அணைத்தேன். மறுபடி ஆறு மணி நேரம். நூத்து இருபத்தைந்து.

ஒன்றுதான் குறைந்திருக்கிறது. அரை உயிர்ப் பேட்டரியிலேயே ஒன்றுதான். அந்தப் பலகைமேல் படுத்து நான் அழுத அழுகை பக்கத்துப் படகுக்காரருக்குக் கேட்டிருக்கும். இருமிக்கொண்டே மேலே போய்விட்டார், பாவம்.

ஆனால் விளக்கு குடிக்கவில்லை என்றால் வேறு எது காலி பண்ணியது? பேட்டரி காலியாக இருந்த காலையில் சுவர் மீட்டர் எனக்கு எப்படி நூத்து முப்பத்தி மூணு சொன்னது? நாளைக்கு மீட்டரின் வயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்க்கப் போகிறேன். தையலைப் பிரிப்பது மாதிரிதானே.

அண்ணி


அக்டோபர் 18

அண்ணி,

வயரைத் தேட வேண்டாம். நானே சொல்லிவிடுகிறேன். உங்கள் தங்கச்சி இரண்டு கடிதத்தையும் படித்துவிட்டு, "நீங்க எழுதறீங்களா, நான் எழுதட்டுமா?" என்று காகிதத்தை முன்னால் வைத்துவிட்டு நிற்கிறாள்.

ஜனவரியில் நான் வந்தபோது சுவர் மீட்டரின் பழைய வயர் உப்பில் அரித்துப்போயிருந்தது. புது வயரைப் பேட்டரி வரைக்கும் கொண்டுபோக வேண்டும். அதற்குப் படுக்கைப் பலகையைக் கழற்றி, பாய் மூட்டை, தண்ணீர்க் கேன் எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும். நாலு மணிக்கு எனக்குப் பஸ். ஏணிக்குப் பக்கத்திலேயே சோலார் தகட்டின் கன்ட்ரோல் பெட்டியிலிருந்து இறங்கி வருகிற வயர் கைக்கு எட்டுகிற மாதிரி இருந்தது. மீட்டரை அதில் கட்டிவிட்டேன். அண்ணன் கேட்டார், "பேட்டரியிலயே கட்டணும்னு நீதானடா எப்பவும் சொல்லுவ?" நான் சொன்னேன், "எல்லாம் ஒண்ணுதாண்ணே, இதுவும் அங்கதான் போகுது. அடுத்த தடவை வந்து மாத்தறேன்." அவர் அதோடு விட்டுவிட்டார். என் வேலையில் அவர் இரண்டாவது கேள்வி கேட்டதில்லை.

அந்த வயர் பேட்டரிக்குப் போகிற வழியில் ஒரு ஃப்யூஸ் இருக்கிறது. அதில் பச்சைக் களிம்பு பிடித்து, தொடர்பு விட்டுப்போயிருக்கிறது. தகடு தந்த கரண்ட் பேட்டரிக்குப் போகவே இல்லை. தண்ணீர் இறைக்கிற மோட்டார், வயர்லெஸ், விளக்கு எல்லாம் ஐந்து வாரமாகக் குடித்துக்கொண்டே இருந்திருக்கின்றன, ஊற்ற ஆளில்லை. மீட்டர் பேட்டரியைப் பார்க்கவில்லை அண்ணி, வெயிலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது. சரியான இடத்தில் கட்டியிருந்தால் அது நாளுக்கு நாள் இறங்கியிருக்கும். அன்றைக்கு நீங்கள் நூத்துப் பதினேழோ பதினாறோ சொல்லியிருப்பீர்கள். அவர் கயிற்றை அவிழ்க்கச் சொல்லியிருக்க மாட்டார்.

கடைசிச் சொட்டை உங்கள் விளக்கு குடித்திருக்கலாம். பாத்திரம் காலியானது என்னால்.

இது எனக்கு எப்போது தெரியும் என்று கேட்பீர்கள். காரியத்துக்கு வந்தபோதே தெரியும். மூன்றாம் நாள் தனியாகப் படகுக்குப் போய் ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தேன். கையிலேயே உதிர்ந்தது. மூடிவைத்துவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டேன். அப்புறம் வயர் வேலைக்கே போகவில்லை. ஒரு கிடங்கில் சாமான் எடுத்துக்கொடுக்கிற வேலையில் இருக்கிறேன். படகுப் பக்கம் வராததற்கு முதுகுவலி என்று உங்களுக்குச் சொன்னதும் இதையெல்லாம் மறைக்கத்தான்.

விளக்கைப் பற்றி நீங்கள் எழுதின பிறகும் ஆறு வாரம் சும்மா இருந்தேனே, அதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஒரு வரி எழுதியிருந்தால் உங்களுக்குப் போதும். அந்த ஒரு வரியை எழுதினால் மிச்சத்தையும் எழுத வேண்டுமே என்று இருந்துவிட்டேன்.

தம்பி


அக்டோபர் 27

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே வயரைப் பார்த்துவிட்டேன். பதினோராம் தேதியே. இணைப்பின்மேல் மெழுகு பூசின பாய் நூல் சுற்றியிருந்தது. அது என் நூல். "அண்ணி, டேப் தீர்ந்துருச்சு, கொஞ்சம் நூல் குடுங்க" என்று நீ மேலே வந்து வாங்கிப்போனாய், நானே பல்லால் கடித்துக் கொடுத்தேன். 

உனக்கு எழுதவில்லை. நீயாகச் சொல்கிறாயா என்று பார்த்தேன். சொல்லாமலே இருந்திருந்தால் நானும் சாகும்வரை கேட்டிருக்க மாட்டேன், ஆனால் உன் வீட்டு வாசல் மிதித்திருக்க மாட்டேன்.

கோபம் இல்லை என்று எழுத மாட்டேன். இருக்கிறது. கட்டினது தப்பு என்பதற்காக இல்லை. கை அவசரம் யாருக்கு இல்லை? நானும் கிழியும் என்று தெரிந்தே ஒற்றைத் தையல் போட்டு அனுப்பியிருக்கிறேன். அந்தச் செப்டம்பர் கடிதத்துக்கு நீ சும்மா இருந்தாய் பார், அதுதான். பட்டறையில் ஊசி பிடித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று நினைவு வந்து பல்லைக் கடிப்பேன். மற்ற பெண்கள் பல்வலியா என்று கேட்கிறார்கள்.

இன்னொன்று. காரியம் முடிந்து நீ கிளம்பும்போது வாசலில் செருப்பு மாட்டினாய். என் முகத்தை நீ பார்க்கவே இல்லை. தம்பிக்கு விளக்கு விஷயம் தெரிந்துவிட்டது, அதனால்தான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நீ என்ன நினைத்து நின்றாய் என்று இப்போதுதான் தெரிகிறது. உடம்பு எப்படி, சாப்பிட்டாயா, முதுகு எப்படி என்று எட்டு மாதமாகப் போனிலும் கடிதத்திலும் கேட்டுக்கொண்டோமே, இரண்டு பேரும் எவ்வளவு பெரிய கெட்டிக்காரர்கள்!

உன் அண்ணன் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. அவருக்குக் கோபம் வந்தால் ஒரு வேளை பேசமாட்டார், அடுத்த வேளை "அந்தக் கயிறு எங்க?" என்று ஆரம்பிப்பார். என்னால் அவ்வளவு சீக்கிரம் முடியவில்லை. ஆனால் ஆசிரியர் வீட்டார் டிசம்பருக்குள் வருவார்கள். அந்த வயரை இன்னொருத்தன் வந்து பிரித்து மாற்ற நான் விடமாட்டேன். நீ கட்டினதை நீயே அவிழ்க்க வேண்டும். நாலு மணி பஸ்ஸுக்கு ஓடுகிற மாதிரி வராதே. இரண்டு நாள் தங்குகிற மாதிரி வா. தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா, அவளிடம் எனக்குக் கோபம் இல்லை.

அண்ணி


நவம்பர் 3

அண்ணி,

பதினான்காம் தேதி காலையில் இரண்டு பேரும் வருகிறோம். புது ஃப்யூஸ், வயர், டேப் எல்லாம் நானே வாங்கிவருகிறேன்.

தம்பி


நவம்பர் 24

அன்புள்ள தம்பிக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்களா? தங்கச்சி சீப்பை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். அடுத்த தடவை வரும்போது எடுத்துக்கொள்ளட்டும், நான் அனுப்பமாட்டேன்.

நேற்று ஆசிரியர் வீட்டார் வந்தார்கள். அவர் எல்லாவற்றையும் தட்டித் தட்டிப் பார்க்கிற ஆள். படுக்கைப் பலகையைத் தூக்கச் சொன்னார். மீட்டர் வயர் நேராக ஈயக் குமிழில் வந்து உட்கார்ந்திருப்பதையும், நடுவில் இணைப்பே இல்லாததையும் பார்த்துவிட்டு, "சுத்தமான வேலைம்மா. ஃபேக்டரியில செஞ்ச மாதிரி இருக்கு. யார் பண்ணினது?" என்றார்.

 நீ அந்தப் பலகைக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு, உன் முகத்தை நாங்கள் பார்க்கக்கூடாது என்று அரை நாள் வெளியே வராமல் இருந்தது நினைவு வந்தது. தங்கச்சி உன் காலைத் தட்டி, "உள்ளயே குடித்தனம் பண்ணப் போறீங்களா?" என்று கேட்டதும் நினைவு வந்தது. சிரிப்பும் வந்தது, இன்னொன்றும் வந்தது.

"எங்க வீட்டுக்காரரோட தம்பி. முதல்ல தப்பாக் கட்டிட்டான், அதுல ரொம்பப் பெரிசா இழந்துட்டோம். இப்பச் சரியாக் கட்டியிருக்கான்" என்றேன். இரண்டும் உண்மைதானே. ஒன்றை மட்டும் சொன்னால் அந்த மீட்டர் மாதிரி ஆகிவிடும்.

 அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் ஏதோ தவறாகச் சொல்லிவிட்டேன், படகு வேண்டாம் என்று போய்விடுவார்கள் என்று நினைத்தேன். அவர் பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்து, "அவர் விலாசம் குடுங்க. எங்க பள்ளிக்கூடத்துல பசங்களுக்குப் பாய் ஓட்டக் கத்துக்குடுக்க மூணு படகு இருக்கு, எதுலயும் மீட்டர் ஒழுங்கா இல்ல. தப்பு எங்க வரும்னு தெரிஞ்ச ஆளாத் தேடிட்டு இருக்கோம்" என்றார்.

கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான் கொடுத்தேன். கோபம் வந்தால் கோபித்துக்கொள், இப்போது உன் முறை. அவர் இந்த வாரமே உனக்கு எழுதுவதாகச் சொன்னார். நல்ல மனுஷர், ஏழு வாரம் காத்திருக்கிற ஆள் இல்லை. வந்த அன்றைக்கே பதில் போடு.

அண்ணி